செங்கல் வைத்துத் திறந்த கதவு

இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய கோமதியம்மாள் அவர்களே, சபையை வளர்த்த பெரியோர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, கழக்கூட்டத்து நெரிசலைக் கடந்து வந்து கடைசியில் நிற்கும் கணினித் தோழர்களே, வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தேன். வெடிவிபத்து நடந்த எத்தனை இடங்களுக்குப் போயிருப்பேன்! என்றாவது விபத்துக்கு முன்னால் போனதுண்டா? எரிந்த பின் போனேன், இடிந்த பின் போனேன், எல்லாம் முடிந்த பின் போனேன். ஒரே ஒரு முறைதான் முன்னால் போனேன். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தெற்கே தமிழ்நாட்டு எல்லையோரத்தில் ஒரு கோயில். பக்தர்கள் நேர்ந்துகொண்டு வெடி வழிபாடு செய்யும் இடம். திருவிழாவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெடி. அங்கு வெடிமருந்து வைத்திருக்கும் மருந்தறைக்கு, பெருவெடிப்புகளை ஆராயும் நம்மூர் மீரா ஒரு டிஜிட்டல் இரட்டையை உருவாக்கினார். அறை, மதில், மரம், மனிதர் நிற்கும் இடம் என அத்தனையும் அளந்து கணினிக்குள் கட்டிய இன்னொரு கோயில் அது. உள்ளே நூறு முறை வெடித்தாலும் வெளியே ஓர் இலை அசையாது. சினிமாவா என்கிறார் பின்னால் ஒருவர். சினிமா போலத்தான் ஐயா, ஆனால் இதில் நாம் எல்லோரும் நடிக்கிறோம்.

கோயில் கமிட்டியார் முன்னால் திரையில் அந்த அறை வெடித்தது. வெடிப்பின் அழுத்த அலை மதிலோடு நின்றது. பாயச வரிசையில் நிற்கும் பெண்கள் பச்சை வட்டத்துக்குள் பத்திரமாக இருந்தார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். வெடி உரிமம் வைத்திருக்கும் ராஜமணி மட்டும் எழவில்லை.

"மக்ளே, படத்துல கதவு அடைச்சிருக்கு. விழாவுக்கு ஆரு கதவ அடைக்கா? செங்கல் வச்சுல்லா திறந்து போட்டிருப்போம்."

"ஏன் சேட்டா அளக்க வந்தப்பவே சொல்லலை?" என்று கேட்டார் மீரா.

"சொன்னா லைசன்ஸ் போவும். சொல்லாட்டா... பாயச வரிசையில எனக்க மவ ராகேலும் நிப்பா."

மீரா திரையில் கதவைத் திறந்தார். மீண்டும் வெடித்தது. இந்த முறை அலை மதிலுக்குப் போகவில்லை. கதவு வழியே சீறிப் பாய்ந்து, நேரே அந்த வரிசையைச் சிவப்பாக்கியது. கைவிடப்பட்ட கல்குவாரியில் அதே அளவில் ஓர் அறை கட்டி, கதவைத் திறந்து வைத்து, அனுமதியோடு உண்மையாகவே வெடித்துப் பார்த்தார்கள். கருவிகள் காட்டிய அழுத்தமும் திரை காட்டிய அழுத்தமும் ஒத்துப்போயின.

மதிலை அளந்தது கருவி. மரத்தை அளந்தது கருவி. அந்த ஒற்றைச் செங்கல்லை எந்தக் கருவி அளந்தது? பிழைப்பே போகலாம் என்று தெரிந்தும் வாய் திறந்த ஒரு மனிதரல்லவா அளந்தார்!

ராஜமணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, உரிமம் பிழைத்தது. மருந்தறைக் கதவு ஆளில்லாத குளத்தின் பக்கம் திரும்பியது. பாயச வரிசை வடக்கே போனது. தாய்மார்கள் வெயில் என்று முணுமுணுத்தார்கள், பந்தல் போட்டார்கள்.

பத்து நாள் விழாவும் முடிந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியர் அலைபேசியில் அழைத்து என்ன விசேஷம் என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அப்படியானால் செய்தி இல்லை என்று வைத்துவிட்டார். நானும் வைத்துவிட்டு, ராகேலுக்குப் பின்னால் வரிசையில் நின்று பாயசம் குடித்தேன். என் வாழ்நாளில் நான் எழுதாமல் விட்டவற்றில் மிகப் பெரிய செய்தி அதுதான்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. எல்லோரும் சுகமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.