கூண்டின் பின்சுவர்

மரத்தில் வாழும் பாம்புக்கு நீளமான கூண்டு உதவாது, உயரமான கூண்டு வேண்டும். மிருக வைத்தியரான உங்களுக்கு அது தெரிந்திருக்கும், எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. காப்பியைக் குடியுங்கள் டாக்டர், ஆறிவிடும். என் மகள் லின்னேயா மாடியில்தான் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். அதற்கு முன் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். கூண்டின் பின்சுவரை நீங்கள் விரலால் தட்டிப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த ஏரிக்கரை ஊரில் எங்டால் குடும்பம் செய்த அலமாரி இல்லாத வீடு குறைவு. சர்ச் பெஞ்சுகள் என் தாத்தா இழைத்தவை. எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் அப்பன் தன் கையால் தேவதாருவில் ஒரு கல்யாணப் பெட்டி செய்வான். பூச்சி அண்டாது, வாசனை தலைமுறைக்கும் போகாது. என் மகளுக்கும் செய்தேன். அதில் ஒரு போர்வைகூட அவள் மடித்து வைக்கவில்லை. துலூத் நகரத்தில் ஒருவனோடு கல்யாணம் இல்லாமல் இருந்தாள். அவன் போய்விட்டான். பிறகு மனம் உடைந்து ஆஸ்பத்திரியில் ஒரு குளிர்காலம். வீடு திரும்பியபோது ஒரு கையில் பை, மறு கையில் துணி போர்த்திய கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு பச்சை மலைப்பாம்பு. ஏதாவது ஓர் உயிரைப் பார்த்துக்கொள் என்று அங்கே சொன்னார்களாம். நாயை நினைத்துச் சொல்லியிருப்பார்கள்.

அதனால் அவள் தேறினாள். அதை நான் மறுக்கவில்லை. குளித்தாள், சாப்பிட்டாள். பாம்புக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பாடக்கூடச் செய்தாள்.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது ரூடி ஹோகன்சன் ஆரம்பித்தான்.

"என்ன ஆல்வர், வீட்டுக்கு மாப்ள வந்துட்டாராமே? பச்சை சட்டை போட்டுக்கிட்டு கிளையிலயே தொங்குறாராம்?"

"சும்மா இருங்க நீங்க," என்றாள் அவன் மனைவி. "சீர்வரிசைக்கு எலியைக் கேட்டுடப் போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். எனக்குச் சர்க்கரை பழக்கமில்லை.

அந்த வாரமே லின்னேயா சமையலறைக்கு ஓடி வந்தாள். துலூத் மிருகக்காட்சிசாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாம்பைக் காட்டிப் பேசும் வேலை கிடைத்திருக்கிறதாம். "பனி விட்டதும் வரச் சொல்றாங்கப்பா. இவனையும் கூட்டிட்டு வரணுமாம். நான் திரும்பவும் சொந்தக் கால்ல நின்னுக்குவேன்ப்பா."

எங்டால் வீட்டுப் பெண், கழுத்தில் பாம்போடு, சுற்றுவட்டார ஜனங்கள் முன்னால். நான் குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தொட்டி சின்னது. நல்லதா ஒரு கூண்டு செஞ்சு தர்றேன்," என்றேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "எந்த மரம் வேணாலும் போடுங்கப்பா, தேவதாரு மட்டும் வேணாம். அந்த வாசனை இவனுக்கு விஷம்."

"சரி கண்ணு," என்றேன்.

நல்ல வேலைப்பாடு. நீங்களே பார்த்தீர்கள். பிர்ச் மரப் பலகை, முன்னால் கண்ணாடிக் கதவு, பாம்பு சுற்றிப் படுக்கப் படுக்கைவாட்டில் கிளைகள், மேலே சூட்டு விளக்கு. பின்சுவரை மட்டும் இரட்டையாகச் செய்தேன். சூடு நிற்க என்று அவளிடம் சொன்னேன். இரண்டு பலகைக்கும் நடுவே அவளுடைய கல்யாணப் பெட்டியைச் சிராய் சிராயாகப் பிளந்து நிரப்பினேன். இனி அந்தப் பெட்டி யாருக்கு? விளக்குக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிறு துளைகள். சூடு ஏறினால் மரம் மூச்சு விடும்.

லின்னேயா கூண்டுக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். அவள் சிரித்தாள். "உள்ள உங்க வாசனை அடிக்குதுப்பா."

அவள் பிறந்ததிலிருந்து என் சட்டையில், கையில், இந்த வீட்டுச் சுவரில் இருப்பது அந்த வாசனைதான். அது வேறாக அவளுக்குத் தோன்றவில்லை.

சில வாரங்களில் பாம்பு தலையை நேராக மேலே தூக்கி வாயைத் திறந்தபடி இருக்கத் தொடங்கியது. வாயோரம் நுரை. ஈரம் குறைவு என்று அவள் தண்ணீரை அதிகம் தெளித்தாள். பிறகு குளிர் என்று நினைத்து விளக்கின் சூட்டை ஏற்றினாள். அவள் வாய்க்குள் பார்க்க நான் டார்ச் பிடித்தேன். உங்களிடம் கொண்டுபோக வேண்டும் என்றாள். வண்டிச் சாவி என்னிடம் இருந்தது. இந்தப் பனியில் வேண்டாம் என்றேன்.

"நான் என்ன தப்பு பண்றேன், சொல்லுங்கப்பா."

"சில பேர் கைக்கு உயிர் நிக்காது, கண்ணு," என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் சட்டைப் பையில் திருப்புளியோடு அந்த அறைக்குப் போனேன். சில திருகாணிகள்தான். கழற்றினால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும், அவள் பார்ப்பாள். எங்டால் செய்த பொருளில் குறை என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. என்னால் முடியவில்லை. கை பையிலேயே இருந்தது. பாம்பு என்னையே பார்த்தபடி வாயைத் திறந்து மூடியது.

ஒருநாள் காலையில் அது கூண்டின் தரையில் கிடந்தது. மரப்பாம்பு அப்படித் தரையில் வந்து கிடக்காது. லின்னேயா அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மிருகக்காட்சிசாலைக்குப் போன் செய்தாள். "நான் வரலைங்க. என் கைக்கு உயிர் நிக்காது," என்றாள். என் வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

தன் தவறு என்னவென்று தெரிந்துகொள்ள அந்த உடலை உங்களிடம் கொடுத்தாள் என்பது இன்று நீங்கள் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவள் அடங்கிவிட்டாள். ஞாயிறுதோறும் என்னோடு சர்ச்சுக்கு வருகிறாள், காப்பிக் கோப்பைகளைக் கழுவுகிறாள். ரூடி அவளைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றுகிறான். அவள் அண்ணன் தன் கைக்குழந்தையை அவளிடம் நீட்டினால் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அது போகப் போகச் சரியாகும்.

தேவதாருவைத் தெரியாமல் போடவில்லை, டாக்டர். அது சாக வேண்டும், அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் போட்டேன். அவளிடம் சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் மேலே போய்ப் பாருங்கள். அறை கதகதப்பாக இருக்கும். வேளைக்குச் சாப்பாடு போகிறது. ஜன்னல் கண்ணாடியோரம் காலை மடக்கிச் சுருண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அறைக்கதவைக்கூட நான் சாத்துவதில்லை. அவள்தான் போவதில்லை.