அடுத்த வரி

"படுங்க! தரையில படுங்க!" யூசுப் பாய் கத்துகிறார். படுக்கிறோம். முதலில் விசில் சத்தம். பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு இடி. தோல் ஊறவைக்கும் பெரிய மர டிரம் கிடுகிடுவென்று ஆடுகிறது. அதன் பின்னால் மூன்று பேர். நான், என் கணவர் சாமுவேல், யூசுப் பாய். சுண்ணாம்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. கண் எரிகிறது. உயிர் இருக்கிறது.

இடம் சூடான். கார்ட்டூம் நகரத்து ஓரத்தில் ஒரு தோல் தொழிற்சாலை. பாய் வாணியம்பாடிக்காரர், அங்கே மேஸ்திரி. அவர்தான் என் கணவரை வேலைக்கு அழைத்துப் போனார். நான் ஆட்களுக்குச் சமைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, உலை கொதிக்கும்போது சண்டை தொடங்கியது. கரண்ட் போயிற்று. தண்ணீர் போயிற்று. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. கிறிஸ்தவ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சின்னத் தகரப் பெட்டி. உள்ளே சுருட்டிய காகிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். விடிந்ததும் ஜெபித்து ஒன்றை எடுப்போம். அன்றைக்கு அதுதான் ஆகாரம். சில நாள் அது மட்டும்தான். பயப்படாதே என்று வந்தால் என் கணவர் முகம் தெளியும். எனக்கும் நெஞ்சு அடங்கும். மூலையில் தொழுதுவிட்டு வரும் பாய், "இன்னிக்கி இன்னா வந்துச்சும்மா?" என்று கேட்பார்.

ஒரு காலையில் வாசலில் ஹாரன். நீளமாக. இந்தியர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும் லாரி. "சீக்கிரம் வாங்க! சீக்கிரம்!" பாய் பையைத் தூக்கிவிட்டார்.

அன்றைய சுருளை அப்போதுதான் எடுத்திருந்தேன். செங்கடல் கரையில் மோசே ஜனங்களுக்குச் சொன்னது. கர்த்தர் உங்களுக்காகப் போரிடுவார், நீங்கள் சும்மா இருங்கள் என்பது பொருள். என் கணவர் வாங்கிப் படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"வசனம் வந்துட்டுது பாய். இன்னிக்கி நாங்க அசையமாட்டோம். நீங்க போங்க."

சண்டை போட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஜவ்வாது மலைக்காரர். அங்கே பாறையைக்கூட நகர்த்திவிடலாம், அவரை முடியாது. ஹாரன் இன்னொரு முறை அடித்தது. பிறகு டயர் சத்தம், தூரமாக. பாய் பையைக் கீழே வைத்தார். "உங்கள வுட்டுட்டு வூட்டுக்குப் போய் இன்னான்னு சொல்றது?" என்றார்.

மறுநாள் குண்டு முற்றத்தில் விழுந்தது. என் கணவர் அங்கே தொட்டியில் தண்ணீர் மொள்ளப் போயிருந்தார். குடம் உருளும் சத்தம் கேட்டது. அவர் சத்தம் கேட்கவில்லை.

தோலில் சதை சீவும் கத்தியால் பாய் குழி வெட்டினார். மீதியைக் கையால் தோண்டினார். "எதனா படிம்மா," என்றார். வேதத்தை எடுத்தேன். கோபத்தில் அந்த இடத்தையே தேடித் திறந்தேன். இதற்குத்தானா சும்மா இருக்கச் சொன்னீர் என்று கேட்க வேண்டும். வசனம் இருந்தது. அதன் கீழே அடுத்த வரியும் இருந்தது. ஏன் என்னிடம் முறையிடுகிறாய், ஜனங்களை நடக்கச் சொல் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார்.

நடக்கச் சொல். பெட்டியில் அது இல்லை. சுருளுக்கு ஏற்றபடி நறுக்கிவிட்டிருந்தார்கள்.

அலறினேன். பாய் என் வாயைப் பொத்தினார். அன்றே நடந்தோம். நடை, பஸ், கப்பல்.

இப்போது ஜவ்வாது மலையில் என் கணவர் வீட்டில் இருக்கிறேன். கீழே எங்காவது கல் உடைக்க வெடி வைத்தால் சாமைக் கொல்லையில் குப்புற விழுகிறேன். எழுந்திருக்க ஒரு வசனம் தேவைப்படுகிறது. தினமும் விடியலில் படிக்கிறேன். சுருள் இல்லை, அதிகாரம் முழுவதும். சில நாள் ஆறுதல் கிடைக்கிறது. சில நாள் கர்த்தரைத் திட்டுகிறேன். திட்டுவதற்கும் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? படிக்கிறவர்களே, பாதி வசனத்தை வைத்துக்கொண்டு யாரும் உட்காராதீர்கள்.

போனவை இவை. சாமுவேல். அவர் கல்லறை, அங்கே போக எனக்கு வழியில்லை. பாயின் வலது காது, அந்தக் குண்டுச் சத்தத்தில் செவிடானது. என் சமையல் பாத்திரங்கள். தகரப் பெட்டி, அதிலிருந்த வசனங்கள் எல்லாம். ஒன்று மட்டும் மிச்சம். சாமுவேல் கைக்குள் மடங்கியிருந்த சுருள். விரல்களைப் பிரித்து எடுத்து வந்தேன். அதன் பின்பக்கம் அடுத்த வரியை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.