குறிப்புக் கட்டம்

எனக்குத் தட்டச்சில் வேகம் போதாது, ஐயா. ஆனால் பிழை வராது. பதினாறு வருடமாக இந்த மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்காணிப்பாளரின் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். அதற்கு முதலில் என் மேசையிலிருக்கும் இரண்டு திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்றில் சேர்க்கை மென்பொருள், மற்றதில் மருந்தகத்து மென்பொருள். ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழும் மாமியார் மருமகள் மாதிரி, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை முதல் திரையின் குறிப்புக் கட்டத்தில் எழுதுவேன். பிறகு அதையே இரண்டாவதில் மறுபடி அடிப்பேன். அப்போதுதான் மருந்தகத்தில் அந்தப் பெயர்மேல் சிவப்புப் பட்டை விழும். அவர்கள் நம்புவது அந்தப் பட்டையைத்தான்.

போன வருடம் இரண்டையும் இணைத்துவிட்டோம் என்று கேக் வெட்டினார்கள். முதல் திரையிலிருந்து இரண்டாவதுக்குப் பெயர் தானாகப் போனது, வயது போனது, கட்டில் எண் போனது. குறிப்புக் கட்டம் மட்டும் போகவில்லை. ஏழு கடிதம் எழுதினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். ஆகவில்லைதான். தினமும் அரை மணி முன்னால் வந்து நான் கையால் ஏற்றிக்கொண்டிருந்தேனே.

ஒரு நாள் கண்காணிப்பாளர் என் தோளில் தட்டிச் சிரித்தார். "அதான் எல்லாம் தானா போகுதே, இன்னும் எதுக்கு இதோட மாரடிச்சிக்கிட்டு இருக்கீங்க? அடுத்த மாசத்துலேர்ந்து பழைய கோப்பு அறைக்குப் போயிடுங்க. நிம்மதியா இருக்கலாம்."

எனக்குக் கோபம்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பொறுத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் அவருடைய அம்மா காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷி. "தம்பி, பென்சிலின் போட்டா எனக்கு மூச்சு நின்னுடும். போன தடவை பொழைச்சதே பெரிய விஷயம். எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன்மா" என்றேன். பொய் இல்லை, ஐயா. முதல் திரையில் எழுதியிருந்தேன். நேரத்தோடு பதிவாகியிருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

இரண்டாவதில் எழுதவில்லை. அது என் வேலை இல்லை என்று மேலிடமே சொல்லிவிட்டதல்லவா? பதினொன்றரை மணிக்கு அவர் பெயரில் பென்சிலின் ஊசி மருந்து வார்டுக்குப் போவதைத் திரையில் பார்த்தேன். வலி மாத்திரையில் அந்த அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாராம், அதனால் யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் குடித்தேன்.

இனிமேல் அந்தக் கட்டத்தைச் சரிசெய்துவிடுவார்கள். எத்தனையோ பேர் பிழைப்பார்கள். நான் யாரையும் கொல்லவில்லை. மென்பொருளை அதன் போக்கில் விட்டேன், அவ்வளவுதான்.

அன்றைய பட்டியலா? ஆமாம், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அன்றைக்கு ஐந்து பேர். மற்ற நான்கு பேருடையதையும் காலையிலேயே கையால் ஏற்றிவிட்டேன்.