தார்ப்பாய்க்குள் முப்பத்தெட்டு மாடல்

அலர்மேல்மங்கை: …அந்தக் கதையெல்லாம் வேணாம் அலெக்ஸ். தார்ப்பாயை எடுங்க. என் காரை நான் பாக்கணும்.

அலெக்சாண்டர்: முன்பக்கம் பூரா கழட்டிப் போட்டிருக்கு மேடம். இந்த அடுகோடி ரோட்டுத் தூசு… உள்ள போயிடும்.

அலர்மேல்மங்கை: மூணு மாசமா கழட்டியே வச்சிருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பழைய கார் ரேலி. பேர் குடுத்தாச்சு.

அலெக்சாண்டர்: நீங்கதானே சொன்னீங்க, எது மாட்டினாலும் அந்தக் காலத்துச் சாமானா இருக்கணும்னு.

அலர்மேல்மங்கை: சொன்னேன். பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் கையை உதறுது. அந்தக் காலத்துலயே இதுக்குன்னு குலுக்கலைத் தாங்குற பழைய ஷாக் அப்சார்பரைக் கழட்டிட்டு எண்ணெய் ஷாக் மாட்டியிருக்காங்க. அதையே நாமளும் மாட்டினா ஜட்ஜுங்க மார்க் குறைக்க மாட்டாங்க. அவ்வளவுதானே வேலை?

அலெக்சாண்டர்: வந்த ஷாக் நாப்பத்தெட்டு மாடல் மேடம். உங்க கார் முப்பத்தெட்டு. ஒத்துக்க மாட்டாங்க.

அலர்மேல்மங்கை: போன மாசம் அது முப்பத்தாறுன்னீங்க.

அலெக்சாண்டர்: அது… ரைட் சைடு.

அலர்மேல்மங்கை: ஓஹோ. ஒரே பெட்டியில வந்த ஜோடி. ஒண்ணு பொறந்து பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு பொறந்துதாக்கும்.

அலெக்சாண்டர்: கிண்டல் பண்ணாதீங்க. போல்ட்டும் சரியில்ல. எல்லாம் மில்லிமீட்டர். அப்பல்லாம் இஞ்சு கணக்குதான்.

அலர்மேல்மங்கை: இஞ்சு போல்ட்டு சிவாஜிநகர்ல கெடச்சுதுன்னு எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினது யாரு?

அலெக்சாண்டர்: அது… வேற வண்டிக்கு வாங்கினது.

அலர்மேல்மங்கை: சும்மா மழுப்பாதீங்க. இருபது வருஷமா இந்த ஷெட்டுக்கு வரேன். ஒரு பொய் கேட்டதில்ல. இப்ப வாயைத் தெறந்தா பொய். யார் சொல்லிக் குடுத்தா?

அலெக்சாண்டர்: யாரும் இல்ல.

அலர்மேல்மங்கை: நிருபமாவா?

அலெக்சாண்டர்: …உங்க பொண்ணு வந்தாங்க மேடம். இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாங்க. அம்மாவுக்கு எழுபத்தொண்ணு, மாடிப்படியில மயங்கி விழுந்தாங்க, வண்டி வெளிய வராம பாத்துக்குங்க அங்கிள்னு…

அலர்மேல்மங்கை: மயங்கல. வழுக்குச்சு.

அலெக்சாண்டர்: எனக்கு மட்டும் ஆசையா? வேலை முடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. நான் பண்ணதுலயே நல்ல வேலை. அதைத் துணி போட்டு மூடிட்டு, வேலை தெரியாதவன்னு பேர் வாங்கிகிட்டு நிக்கிறேன். உங்க வீட்டுச் சண்டைக்கு என் தொழில்தானா கெடச்சுது?

அலர்மேல்மங்கை: நல்லா இருக்கு நியாயம். என் கார், என் கை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

அலெக்சாண்டர்: கேட்டா மட்டும் ஒத்துப்பீங்களா… சரி, இப்பக் கேக்குறேன். ஸ்டீயரிங் புடிச்சு மூணு மாசமாச்சு. முன்பக்கம் இப்ப வேற மாதிரி திரும்பும். எங்கயாவது மோதிட்டீங்கன்னா நிருபமா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? உங்களால ஓட்ட முடியுமா, முடியாதா?

அலர்மேல்மங்கை: போன ஞாயித்துக்கிழமை நீங்க விவேக் நகர் சர்ச்சுல பூசையில இருந்தீங்க. பக்கத்து டீக்கடை சந்திரம்மா ஷெட் கேட்டைத் தெறந்துவிட்டா. வண்டிக்கு என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. ஓசூர் ரோடு வரைக்கும் போயிட்டு வந்து, இருந்த மாதிரியே மூடி வச்சேன். பஸ்காரன் ஒருத்தன் குறுக்க வந்தான், அழுத்தி பிரேக் அடிச்சேன்… ஸ்டீயரிங் துளிகூட உதறல அலெக்ஸ். நீங்களா எப்ப உண்மையைச் சொல்றீங்கன்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் கத்திட்டிருந்தேன்.