இரண்டு வழியிலும் ஒரே விடை

காவல் ஆய்வாளர் அவர்களே, இந்த அறையின் மின்விசிறி சற்று ஆடுகிறது. கொக்கியில் ஒரு ரப்பர் வாஷர் போட்டால் நின்றுவிடும். ரயில்வே பணிமனையில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஆட்டம் கண்ட பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இராது.

விருப்ப ஓய்வு பெற்ற பின்னர், ஐம்பதாம் வயதில், கணினி நிரல் எழுதக் கற்றேன். எவரும் கற்பிக்கவில்லை. எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு மாடியில் அமர்ந்து ஒரு பாடநூலை வரிவரியாக வாசித்தேன்; ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் இருந்த வினாக்கள் அனைத்திற்கும் விடை எழுதினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காரணம் கேட்டீர்கள், காரணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தில்லைநகரில் ஒரு முதியோர் பராமரிப்பு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்து அடுக்ககங்களில் தனித்து வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு எங்கள் பணிப்பெண்கள் நாள்தோறும் செல்வர். தரவுத்தளத்தில் முதியோர் ஓர் அட்டவணையிலும் வருகைகள் மற்றோர் அட்டவணையிலும் இருந்தன. ஒவ்வொரு வருகையும் ஒரு முதியவரோடு பிணைக்கப்பட்டிருக்கும். திங்களில் தொடங்கும் நடப்பு வாரத்தில் எவருக்கு எத்தனை வருகை என எண்ணிக் காட்டும் அறிக்கையை நான் எழுதினேன். ஓ.ஆர்.எம். என்னும் கருவி இருப்பதால் தரவுத்தளத்தின் மொழியில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. வருகைகளை முதியவர் வாரியாகத் தொகுத்து எண்ணுமாறு ஒரே வரியில் கட்டளையிடலாம். அந்த வரி அழகானது. எண்ணிக்கை குறைந்த பெயர் சிவப்பில் தெரியும். மேற்பார்வையாளர் பெலிண்டா அதைப் பார்த்தவுடன் ஆள் அனுப்புவார். வேறெதையும் அவர் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ப்ரீத்தி எழுந்தாள். கல்லூரி முடித்து வந்த பெண். என் மகள் வயது.

“சார், நீங்க விசிட் பக்கத்துலேர்ந்து எண்றீங்க. யாருமே போகாத வீடு ஒண்ணு இருந்துச்சுன்னா, அவங்க பேரு ஜீரோன்னுகூட வராது. பேரே வராது. பெரியவங்க பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு எண்ணணும் சார்.”

கணக்குப் பிரிவின் தாஹா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “கல்யாணத்துல பந்தியில உக்காந்தவங்களத்தாம்மா எண்ணுவாங்க. வராதவனுக்கு எல யாரு போடுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “யாருமே போகாத வீடுன்னு நம்மகிட்ட ஏதும்மா?” என்றேன்.

உரிமையாளர் பாலமுரளி மட்டும் சிரிக்கவில்லை. “சண்ட வேணாம். வெள்ளிக்கிழம ரெண்டு விதமாவும் என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. ஒரே விடை வந்தா சார் எழுதினதே இருக்கட்டும். இல்லேன்னா இனிமே ப்ரீத்தி பாத்துக்கட்டும்.”

புதன்கிழமை மதியம், அனைவரும் உணவருந்தச் சென்றிருந்த வேளையில், இரண்டு விதமாகவும் ஓட்டினேன். அவள் வழியில் ஒரு பெயர் கூடுதலாக வந்தது. தாயுமானவன், அம்மா மண்டபம் சாலை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தவர். வருகை, பூஜ்ஜியம். அவரைக் கவனித்துவந்த பொன்னுத்தாய் ஞாயிற்றுக்கிழமையோடு வேலையை விட்டு வையம்பட்டிக்குப் போய்விட்டாள். மாற்று ஆளை எவரும் போடவில்லை. சிவப்பில் அவர் பெயர் இல்லையே.

திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. அவரேதான்.

“சார், பொன்னுத்தாய் வரவேயில்லையே சார். சொம்புல தண்ணி தீந்து போச்சு. யாரையாவது கொஞ்சம் அனுப்புங்களேன். இல்ல, பையனுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?”

“வேணாங்கய்யா. கனடாவுலேர்ந்து அவர் என்ன பண்ணுவார், பயந்துடுவார். ஆள் கெளம்பிட்டாங்க. யாருக்கும் போன் பண்ணாம நிம்மதியாப் படுங்க.”

“நல்லா இருக்கணும் சார் நீங்க.”

குரல் தெளிவாகவே இருந்தது.

ஒரு பணிப்பெண்ணை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதை முறையாக ஆராய்ந்தேன். ஒருவர் போய் வந்தால் ஒரு வருகை பதிவாகும். இரண்டு விடைகளும் ஒன்றாகிவிடும். ஆனால் அனுப்ப வேண்டுமெனில் பெலிண்டாவிடம் சொல்லியாக வேண்டும். இவர் பெயர் ஏன் சிவப்பில் வரவில்லை என்று அவர் கேட்பார். அது ப்ரீத்தியின் கேள்வி. ஆதலால் அந்த வழியை விலக்கினேன்.

எஞ்சியது ஒரே வழி. தாயுமானவனின் பதிவைத் திறந்து, சேவை முடிந்தவர் என்று மாற்றினேன். அத்தகையோரை அவள் வழியும் எண்ணாது. அதன் பிறகு கை கழுவிவிட்டு உணவருந்தினேன். அன்று தயிர்ச்சாதம், வடுமாங்காய் நன்றாக ஊறியிருந்தது.

வெள்ளிக்கிழமை பாலமுரளியின் முன் இரண்டையும் ஓட்டினோம். பெயருக்குப் பெயர், எண்ணுக்கு எண், ஒரே விடை. ப்ரீத்தி நெடுநேரம் திரையையே பார்த்தாள். பிறகு, “சாரி சார். நான்தான் தேவையில்லாம குழப்பிட்டேன்” என்றாள். “பரவாயில்லம்மா, படிக்கப் படிக்க வந்துடும்” என்றேன். அவள்மீது எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. தாஹா எல்லோருக்கும் பாதாம்பால் வரவழைத்தார்.

நாங்கள் அதை அருந்திக்கொண்டிருந்தபோது என் மேசையில் தொலைபேசி ஒலித்தது. எண்ணை அடையாளம் கண்டேன். அவர் அப்போது எங்கள் வாடிக்கையாளர் அல்லர். ஆகவே எடுக்கவில்லை. வெகுநேரம் ஒலித்து, அதுவாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகன் கனடாவிலிருந்து அழைத்திருக்கிறார். பதில் இல்லாததால் எதிர்வீட்டாரிடம் சொல்ல, அவர்கள் கதவை உடைத்தார்கள். மற்றவை உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில், அறியாமல் நேர்ந்த கணினிப் பிழை என்று ஒரு தொடர் உள்ளது. அதன்கீழ் என்னால் கையொப்பமிட இயலாது. அன்று அவர் உயிரோடிருந்தது எனக்குத் தெரியும்; தண்ணீர் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் பதிவை மாற்றினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். என் நிரலில் பிழை எதுவும் இல்லை.