இருமல் யாருடையது?

"ரேடியோவுல இருமறது என் இருமல்பா."

எழுபதுகளில் ஒருநாள், படப்பை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் நண்பரிடம் இப்படிச் சொன்னார்.

"யாரு, பல்பொடி விளம்பரத்துல கிழவனா பேசறானே, நம்ம பென்னலூர் பையனா?"

"அவனேதான். அந்தக் கிழவன் குரல, அந்த இருமலோட, ஊர் நாடகத்துல மொதல்ல பேசினது நான். பாத்துக் கத்துக்கினு மெட்ராஸ் போனான். இப்ப விளம்பரமும் அவன்தான், ஞாயித்துக்கிழமை சிரிப்பு நாடகமும் அவன்தான்."

"நீயும் போயிருக்கலாமே?"

"கூப்ட்டான். ரேடியோவுல பேசினா சோறு கெடைக்குமான்னு நான்தான் சிரிச்சேன்."

அவரே தொடர்ந்தார்.

"அதுகூட போவட்டும்பா. நேத்து வூட்ல அதே குரல்ல பேசிக் காட்டினேன். என் பொண்டாட்டி கைதட்டி, 'அட, அவரு மாதிரியே பேசறீங்களே'ன்றா."