நாக்குக்கு அடியில் கொஞ்சம் மருந்து

குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்கள், ஐயா. எந்தப் பல்லுக்கு என்ன வயது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். நானும் கூடவே ஆட்டுவேன்.

குதிரை வாங்க வந்த அந்த டீச்சர் பல்லைப் பார்க்கவில்லை. மகளைக் கையோடு அழைத்து வந்திருந்தார். காய்ச்சலில் கால் தளர்ந்து, கம்பு ஊன்றி நடக்கும் பெண். என் மகள் வயதுதான். சவாரி பழகினால் இடுப்புக்கு வலு வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

"அண்ணே, எனக்கு வேகமெல்லாம் வேண்டாம். இவ பக்கத்துல போனா சும்மா நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

கொட்டகையில் அரபிக் குதிரை இருந்தது, வண்டிக் குதிரைகள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கென்றே பிறந்த மாதிரி ஒரு கிழட்டு மட்டக்குதிரையும் இருந்தது. வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்க்காத சோம்பேறி. என் மகள் அதற்குப் பிடரி வாரிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். என் மனைவி என்னைத் தனியே இழுத்துப் போய், "அந்த மட்டத்தையே குடுத்துடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள்.

"பாப்பா அழுவாடி" என்றேன்.

டீச்சரை மறுநாள் வரச் சொல்லி, செம்பழுப்புக் கலப்பினம் ஒன்றைக் காட்டினேன். லட்சணமான பெண் குதிரை. ஒரே ஒரு குணம், பின்னால் ஆள் வந்தால் உதைக்கும். கொட்டகை ஆளின் தோள்பட்டையைப் பெயர்த்த குதிரை அது. காயம் தைக்கும்போது குதிரை அசையாமலிருக்க மாட்டு டாக்டர் ஒரு பசை தருவார், நாக்குக்கு அடியில் தடவுவது. அதிகமாகிவிட்டால் தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். தலை தொங்காத அளவு எது என்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்லும்போதே உடம்பு கூசுகிறது.

டீச்சர் அப்போதும் தயங்கினார். என் மகளைக் கூப்பிட்டேன். "பின்னாலேருந்து வயித்துக்கு அடியில நுழைஞ்சு இந்தப் பக்கம் வாம்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நுழைந்து வந்தாள். மருந்து பிடித்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, தகப்பன் இல்லையா.

டீச்சரின் முகம் தெளிந்தது. "பெத்த பொண்ணையே அனுப்புறாரு, இதுக்கு மேல என்ன வேணும்" என்றார். அவர் மகள் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே குதிரையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அந்தக் குழந்தை தனியாகக் குதிரையிடம் போயிருக்கிறாள். கம்பைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்து தவழ்ந்து வயிற்றுக்கு அடியில் நுழையப் பார்த்திருக்கிறாள். அங்கேயே உயிர் போய்விட்டது. குதிரையையும் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்கு முன் எடுத்த ரத்தத்தில் மருந்து தெரிந்ததால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "உங்க பொண்ணை ஒண்ணும் பண்ணலையே அண்ணே, எங்க பொண்ணுதான் ஏதோ தப்பாப் பண்ணிட்டா போல" என்று அழுதார். நான் "விதிம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

வீட்டில் என் மகள் கேட்டாள். "அப்பா, என்னை மட்டும் ஏன் அது உதைக்கல?"

"குதிரைங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்மா" என்றேன்.

அதை அவள் நம்பிவிட்டாள். நேற்று அரபிக் குதிரையின் பின்னங்கால்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்து, "பாத்தியாப்பா" என்று சிரித்தாள். உண்மை என் வாய்வரை வந்தது. சொன்னால் அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்து விழுங்கிவிட்டேன்.

ஆமாம் ஐயா, அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். என் மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.